எரிமலைச் சரிவில் விளையும் ஒயின் ஏன் தனியாகத் தெரிகிறது?

‘எரிமலை ஒயின்’ என்று லேபிளில் படித்துவிட்டு முதல் வாய் குடிப்பவர்கள் பெரும்பாலும் லாவாவின் ருசியைத் தேடுகிறார்கள். புகை வாசம் வந்தால் எரிமலைப் புகை என்கிறார்கள். நாக்கில் லேசாக உப்புக் கரித்தால் கல்லில் இருந்து வந்த தாது என்கிறார்கள். இந்த முடிச்சை ஆரம்பத்திலேயே அவிழ்த்துவிடுவது நல்லது. பாறை ஒயினுக்குள் ஏறுவதில்லை. வேர் கல்லைத் தின்னாது. தண்ணீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்றவற்றைத்தான் உறிஞ்சும். ஒரு லிட்டர் ஒயினை முழுக்க வற்றவைத்து எரித்தால் மிஞ்சும் சாம்பல் 2, 3 கிராம்தான், அதிலும் பெரும்பகுதி பொட்டாசியம். இரும்பும் மற்றவையும் நாக்குக்கு எட்டாத அளவில் கிடக்கும். பாறைக்கு மணமும் கிடையாது, அது ஆவியாவதில்லை என்பதால். மழை விழுந்ததும் கிளம்பும் மண்வாசனைகூட மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற சேர்மத்தின் வாசனை. மண்ணுக்குப் பெயர் மட்டும்தான் கிடைத்தது.

ஆனாலும் இத்தாலியின் எட்னா மலை, கிரீஸின் சாண்டோரினித் தீவு, ஸ்பெயினின் டெனெரிஃபே தீவு போன்ற இடங்களின் ஒயினை நாலைந்து முறை குடித்தவருக்கு அது தனியாகத் தெரிகிறது. அது கற்பனையும் இல்லை. கொடிக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும், எவ்வளவு தீனி கிடைக்கும், எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும், பழம் எந்தக் குளிரில் பழுக்கும் என்று அதன் வாழ்க்கையையே எரிமலை மாற்றிவிடுகிறது. கிளாஸில் நாம் ருசிப்பது அந்த வாழ்க்கையின் தடயத்தை. இதில் நெருப்பு தந்த மண்ணின் பங்கு ஒன்று, மலையின் உயரம் தந்த குளிரின் பங்கு இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘எரிமலை ருசி’ என்று சொல்வதால்தான் குழப்பம் வருகிறது. எனவே பிரித்துப் பார்ப்போம்.

தண்ணீர் என்ன ஆகிறது

எரிமலை வெளியே தள்ளுவது ஒரே பொருளை அல்ல. குழம்பாக வழிந்து இறுகிய லாவா, பொடியான சாம்பல், பட்டாணி முதல் நெல்லிக்காய் அளவு வரை உள்ள கரித்துண்டு போன்ற சரளை, உள்ளே காற்றுக்குமிழி நிறைந்த நுரைக்கல் என்று பல வடிவங்கள். இவற்றில் சரளையும் நுரைக்கல்லும் கொடிக்கு இரட்டை வேலை செய்கின்றன. மழை கொட்டினால் தண்ணீர் தேங்காமல் உடனே கீழே இறங்கிவிடும். வேர் அழுகாது, பழம் தண்ணீர் குடித்து ஊதாது. அதே நேரத்தில் நுரைக்கல்லின் துளைகள் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வறட்சியில் மெல்ல மெல்லக் கொடுக்கும்.

இதன் உச்சத்தைக் கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேயில் பார்க்கலாம். 1730 முதல் 1736 வரை நீடித்த வெடிப்பு அங்கே நல்ல விளைநிலத்தைக் கறுப்புச் சரளையால் மூடியது. அந்தத் தீவில் ஆண்டுக்குச் சுமார் 150 மி.மீ. மழைதான். லா கேரியா பகுதி விவசாயிகள் சரளையைத் தோண்டி, ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி எடுத்து, அடியில் புதைந்த பழைய மண்ணில் ஒரு குழிக்கு ஒரு கொடி வைத்தார்கள். ஓயாத காற்றைத் தடுக்கக் குழியின் விளிம்பில் அரைவட்டக் கல்சுவர். அங்கே ‘பிகோன்’ என்று அழைக்கப்படும் அந்தச் சரளை வெயிலில் ஈரம் ஆவியாகாமல் மூடி வைக்கிறது. இரவின் பனி ஈரமும் அதன் வழியே இறங்குகிறது. சரளை அடுக்கு மெலிந்தாலோ, மேலிருந்து நுண்மண் விழுந்து துளைகள் அடைபட்டாலோ இந்த ஏற்பாடு கெட்டுப்போகும். அதனால் குழிகளைச் சீர்செய்வது ஆண்டுதோறும் கையால் செய்தாக வேண்டிய வேலை. ஹெக்டேருக்குச் சில நூறு கொடிகளுக்கு மேல் வைக்க முடியாது. விலை ஏன் ஏறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விடை வேண்டியதில்லை.

பட்டினியும் புளிப்பும்

இளம் எரிமலை மண்ணில் தாதுக்கள் இருக்கும், இலைதழை மக்கிச் சேரும் மக்கு இருக்காது. மக்கு இல்லையென்றால் நைட்ரஜன் குறைவு. சாம்பல் சிதைந்து உருவாகும் சில மண்வகைகளில் பாஸ்பரஸ் இருந்தும் மண்துகளோடு இறுக ஒட்டிக்கொண்டு வேருக்குக் கிடைக்காது. இப்படி அரைவயிறாக வளரும் கொடி இலையைக் குறைத்துக்கொள்ளும், குலையைச் சிறிதாக்கும், சிறிய பழம் தரும். பழம் சிறியதானால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். நிறமும் துவர்ப்பும் மணமும் பெருமளவு தோலில்தான் இருக்கின்றன என்பதால் ஒயின் செறிவாகிறது.

பொட்டாசியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒயினின் புளிப்பை ஆள்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பழத்தில் உள்ள டார்டாரிக் அமிலத்தோடு பொட்டாசியம் சேர்ந்தால் உப்பாக மாறிப் படிகமாகக் கீழே படிந்துவிடும். புளிப்பு குறையும், பிஎச் ஏறும் (பிஎச் என்பது அமிலத்தின் அளவுகோல்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). மண்ணில் வேருக்குக் கிடைக்கும் பொட்டாசியம் குறைவாக இருந்தால் புளிப்பு அப்படியே நிற்கும். சாண்டோரினியில் நடப்பது இதுதான். கி.மு. 1600 வாக்கில் தீவையே பிளந்த வெடிப்பு விட்டுச்சென்ற சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த அந்த மண்ணுக்கு ‘ஆஸ்பா’ என்று பெயர். களிமண் ஏறக்குறைய இல்லை, பொட்டாசியமும் குறைவு. கொளுத்தும் வெயிலில் பழுத்தும் அங்குள்ள அஸிர்டிகோ திராட்சையின் ஒயின் 3-ஐ ஒட்டிய பிஎச் அளவில் நிற்கும். வெப்பமான ஊரின் வெள்ளை ஒயின்கள் பல 3.4-க்கு மேல் போய்விடும் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு அரிது என்று புரியும். பிஎச் அளவுகோலில் சிறிய வித்தியாசம்கூட நாக்கில் பெரிதாகத் தெரியும்.

ஆனால் ‘எரிமலை மண் என்றால் பொட்டாசியம் குறைவு’ என்று பொதுவிதி போட்டுவிடாதீர்கள். இத்தாலியின் இன்னொரு எரிமலையான வெசுவியஸின் லாவாவில் பொட்டாசியம் ஏராளம். எரிமலைக்கு எரிமலை குழம்பின் ரசாயனம் வேறு.

நூறு வயதுக் கொடிகள்

1860-களில் ஐரோப்பாவுக்குள் நுழைந்த ஃபிலாக்ஸிரா என்ற வேர்ப்பூச்சி கண்டத்தின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதற்குப் பிறகு அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போடுவது எங்கும் வழக்கமாயிற்று. இந்தப் பூச்சி பெரும்பாலும் மண்ணின் வெடிப்புகள் வழியாக வேரிலிருந்து வேருக்குப் போகும். களிமண் வறண்டால் வெடிக்கும், சாம்பல் மணல் வெடிக்காமல் சரிந்து மூடிக்கொள்ளும். அதனால் சாண்டோரினியில் இன்றும் கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன. எட்னாவின் மேல்சரிவுகளிலும் வெசுவியஸின் அடியிலும் அப்படித் தப்பிய பழைய கொடிகள் உண்டு. கேனரித் தீவுகளிலோ 2025-இல் டெனெரிஃபேயில் கண்டுபிடிக்கப்படும்வரை அந்தப் பூச்சி தென்படவே இல்லை.

சாண்டோரினிக் கொடியைத் தரையோடு கூடை போலச் சுற்றி வளைக்கிறார்கள். குலைகள் கூடைக்குள் தொங்கும், காற்றும் மணலும் அறையாது. பல பத்தாண்டுகளில் கூடை கிழடு தட்டி விளைச்சல் குறைந்ததும் அதை வெட்டி எறிந்துவிட்டு, அதே வேரிலிருந்து புதுத் தளிரை எடுத்துப் புதுக் கூடை சுற்றுவார்கள். மேலே பார்ப்பது இளங்கொடி, கீழே இருப்பது பல தலைமுறை கண்ட வேர். ஆழத்துக்குப் போன அந்த வேர் ஒரு வருஷம் மழை தப்பினாலும் பதறாது. பழைய கொடி தரும் ஒயினில் ஆண்டுக்கு ஆண்டு ஏற்றத்தாழ்வு குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். விளைச்சல் மட்டும் சொற்பம்.

இனி மலை

இதுவரை சொன்னது மண். உயரத்தின் கணக்கு எளிது: 100 மீட்டர் ஏறினால் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.65 டிகிரி குறையும். 800 மீட்டரில் உள்ள தோட்டம் கடலோரத்தைவிடச் சுமார் 5 டிகிரி குளிர்ந்தது. ஒயினைப் பொறுத்தவரை அந்த 5 டிகிரி இரண்டு நாடுகளுக்கு இடையிலான தூரம்.

இரவுக் குளிரின் பங்கை இப்படிப் புரிந்துகொள்ளலாம். திராட்சை பகலில் சர்க்கரை சேர்க்கிறது. பழுக்கும் காலத்தில் மூச்சுவிட அது எரிக்கும் பொருட்களில் முக்கியமானது, பழத்தின் புளிப்பில் ஒரு பங்கான மாலிக் அமிலம். வெப்பம் கூடக்கூட வேகமாக எரிக்கும். இரவு குளிர்ந்தால் அந்த எரிப்பு அடங்கி, புளிப்பு மிஞ்சும். அதனால் மலையில் பழத்தை அவசரமாகப் பறிக்க வேண்டியதில்லை. தோலும் கொட்டையும் முதிரும்வரை குலையைக் கொடியிலேயே விட்டுவைக்கலாம், புளிப்பு ஓடிப்போகாது. சிசிலியின் சமவெளியில் ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கிவிடும்போது, அதே தீவின் எட்னாவில் அக்டோபர்வரை காத்திருக்க முடிவது இதனால்தான். கூடவே, 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். தன்னைக் காத்துக்கொள்ளத் தோல் கூடுதலாக நிறமிகளையும் பீனால் சேர்மங்களையும் உண்டாக்கும்.

காத்திருப்பதில் ஆபத்தும் இருக்கிறது. இலையுதிர் கால மழை முந்திக்கொண்டால் நெருக்கமான குலைகளில் பூஞ்சை அழுகல் பிடிக்கும். குளிர் சீக்கிரம் இறங்கினால் சர்க்கரை ஏறாது, கொட்டையின் துவர்ப்பு பச்சையாக நின்றுவிடும். பச்சைவெட்டு வாசமும் நாக்கைச் சுரண்டும் துவர்ப்பும் உள்ள மலை ஒயினைக் குடிக்க நேர்ந்தால் அதை எரிமலையின் குணமாகக் கொள்ள வேண்டாம். பழம் முதிரவில்லை, அவ்வளவுதான்.

எட்னாவில் எல்லாம் ஒன்றுகூடுகிறது

3,300 மீட்டருக்கும் மேலான எட்னாவின் தோட்டங்கள் பெரும்பாலும் 400 முதல் 1,000 மீட்டர்வரை, வடக்கில் தொடங்கிக் கிழக்கு வழியாகத் தெற்கையும் தாண்டிப் பிறை போல வளைந்து கிடக்கின்றன. வடக்குச் சரிவில் ரந்தாட்சோ, சொலிக்கியாட்டா பக்கம் சிவப்பு ஒயினுக்குப் பேர்போனது. அங்குள்ள திராட்சை நெரெல்லோ மஸ்கலேசே. கிழக்குச் சரிவு ஈரமான கடற்காற்றை நேரே வாங்குவதால் மழை மிகுதி. அங்கே மிலோ ஊரைச் சுற்றிக் காரிகாந்தே என்ற வெள்ளைத் திராட்சை சிறக்கிறது. தெற்கில் வெயில் கூடுதல், அதனால் தோட்டங்கள் இன்னும் மேலே ஏறுகின்றன.

ஒரே மலையில் மண்ணுக்கு மண் வயது வேறு. புதிதாக ஓடிய லாவாவில் எதுவும் முளைக்காது. கற்பாசி பிடித்து, புதர் வேரோடி, பாறை பொடியாகிப் பயிர் தாங்கும் மண்ணாவதற்கு நூற்றாண்டுகள் ஆகும். 1981-இல் ரந்தாட்சோ பக்கம் ஓடிய லாவா இன்றும் கறுப்புக் கல்லாகவே கிடக்கிறது; அதன் ஓரத்திலேயே தலைமுறை தலைமுறையாகப் பயிராகும் பழைய தோட்டங்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் கரடுமுரடான சரளை, அந்தப் பக்கம் மணல் போன்ற சாம்பல் என்று மாறிக்கொண்டே போகும். அதனால்தான் ‘கொன்ட்ராடா’ என்ற சிறு வட்டாரப் பெயர்களுக்கு அங்கே அத்தனை மதிப்பு; 130-க்கும் மேற்பட்டவை சட்டப்படி லேபிளில் போட அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. படிக்கட்டு வயல், லாவாக் கல்சுவர், ஒவ்வொரு கொடிக்கும் ஒரு செஸ்ட்நட் மரக்கழி, குட்டை மரம் போல வெட்டி வளர்க்கும் ‘ஆல்பெரெல்லோ’ முறை. நெருக்கமாக நட்டால் ஹெக்டேருக்கு 8,000 கொடிகளுக்குக் குறையாது, டிராக்டர் நுழையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எட்னா சிவப்பின் வெளிறிய நிறத்தையும் இறுக்கமான துவர்ப்பையும் எரிமலைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அவை முதலில் நெரெல்லோ மஸ்கலேசே திராட்சையின் இயல்பு. இத்தாலியிலேயே பழைய எரிமலையான வுல்டூரேயில் விளையும் அல்யானிகோ ஒயின் கருஞ்சிவப்பு. காரிகாந்தேயின் கூர்மையான புளிப்பும் அப்படித்தான்: மாலிக் அமிலம் மிகுந்த திராட்சை அது. வசந்தம்வரை அடிவண்டலோடு விட்டுவைத்து, அந்த அமிலம் பாக்டீரியாவால் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறட்டும் என்று காத்திருப்பது அங்கே பழைய வழக்கம். எரிமலை ஊர்கள் ஒதுக்குப்புறமாக இருந்ததால் பிற இடங்களில் காணாமல்போன உள்ளூர்த் திராட்சைகள் அங்கே தங்கிவிட்டன. நாம் ‘எரிமலையின் தனித்தன்மை’ என்று ருசிப்பதில் கணிசமான பங்கு இந்தத் திராட்சைகளுக்குச் சேர வேண்டியது.

புகை வாசம் எங்கிருந்து வருகிறது

தீக்குச்சி உரசியது போன்ற, வெடிமருந்து போன்ற வாசம் கந்தகச் சேர்மங்களால் வருவது. அந்தக் கந்தகம் எரிமலையின் கந்தகம் இல்லை, நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்குவது. திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் உண்ணக்கூடிய நைட்ரஜன் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஈஸ்ட் திணறி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடத் தொடங்கும். ஏழை மண்ணில் நைட்ரஜன் குறைவு என்று மேலே பார்த்தோம். ஆக, மண்ணுக்கும் புகைக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் பட்டினி வழியாக, ஈஸ்ட் வழியாக, சுற்றிக்கொண்டு வருகிறது. தொட்டியில் காற்று படாமல் வைத்திருந்தால் இந்த வாசம் இன்னும் வலுக்கும். அளவாக இருந்தால் அழகு. அழுகிய முட்டை, வெந்த முட்டைக்கோஸ் வாசம்வரை போனால் அது குறை.

உப்புக் கரிப்பு இன்னும் சிக்கலானது. தீவுகளில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு இலையிலும் பழத்திலும் படியும். மலைக்குள் அந்த வழி இல்லை. அங்கே உயர்ந்த புளிப்பு, அடங்கிய பழவாசம், சர்க்கரையின்மை மூன்றும் சேரும்போது நாக்கு அதை உப்பு என்று வாசிக்கிறது.

லேபிளில் எதைப் பார்ப்பது

எட்னா என்ற பெயருக்கு டி.ஓ.சி. என்ற இத்தாலியச் சட்டப் பாதுகாப்பு 1968-இல் கிடைத்தது. எட்னா ரோஸோ (சிவப்பு) என்றால் குறைந்தது 80 சதவீதம் நெரெல்லோ மஸ்கலேசே. எட்னா பியாங்கோ (வெள்ளை) என்றால் குறைந்தது 60 சதவீதம் காரிகாந்தே. பியாங்கோ சுப்பீரியோரே என்றால் மிலோவில் விளைந்தது மட்டும், காரிகாந்தே குறைந்தது 80 சதவீதம். சட்ட எல்லைக்கு மேலே இருக்கும் மிக உயரமான சில தோட்டங்களின் ஒயின் ‘தெர்ரே சிசிலியானே’ என்ற பொதுப்பெயரில் வரும். அதைத் தாழ்வாக எண்ணி ஒதுக்க வேண்டாம். வெறுமனே ‘எரிமலை மண்’ என்று மட்டும் போட்டு, ஊரும் திராட்சையும் சொல்லாத லேபிளை நம்பி வாங்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு வரையறை கிடையாது.

ருசித்துத் தெரிந்துகொள்ள

மண்ணின் பங்கைத் தனியாக அறிய, திராட்சை ஒன்றாகவும் மண் வேறாகவும் உள்ள இரண்டு பாட்டில் வேண்டும். அமெரிக்காவின் ஓரிகானில் இது எளிது. டண்டி ஹில்ஸின் ‘ஜோரி’ மண், ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பசால்ட் என்ற எரிமலைப் பாறை சிதைந்த செம்மண். பக்கத்து யாம்ஹில்-கார்ல்டனில் கடலடிப் படிவ மண். இரண்டிலும் விளைவது பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சை. ஜோரி ஒயின் செம்பழ வாசத்தோடு மெல்லியதாகவும், மற்றது கருநிறப் பழ வாசத்தோடு துவர்ப்பு கூடியும் இருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். ஜோரி மண் களிமண் என்பதைக் கவனியுங்கள்: லான்சரோட்டேயின் சரளையும் எரிமலை, இதுவும் எரிமலை, ஆனால் கொடிக்கு இரண்டும் இரண்டு உலகம். இத்தாலியின் சொவாவேயிலும் கார்கனேகா திராட்சை கிழக்கே பசால்ட்டிலும் மேற்கே சுண்ணாம்புக்கல்லிலும் விளைகிறது. இரண்டு பாட்டிலும் ஒரே ஆண்டினதாக, புது ஓக் பீப்பாய் படாததாக இருக்கட்டும். ஓக்கின் வனிலா வாசம் இந்த நுண்ணிய வித்தியாசத்தை மூடிவிடும்.

வெள்ளையை 10 முதல் 12 டிகிரியில் ஊற்றுங்கள். குளிர்பெட்டியிலிருந்து நேரே எடுத்தால் 4, 5 டிகிரி இருக்கும். மணம் அடைத்துக்கொண்டு வெறும் புளிப்பாகத் தெரியும், எனவே அரைமணி நேரம் வெளியே வையுங்கள். சிவப்புக்கு 14 முதல் 16 டிகிரி. அதற்கு மேலே போனால் சாராய நெடி முந்தும். ஒரே வடிவக் கிளாஸ்களில் 50 மில்லி போதும். முதலில் சுழற்றாமல் முகர்ந்து பாருங்கள், பிறகு சுழற்றி. ஒரு மிடறு வாயில் வைத்து 5 விநாடி கழித்து விழுங்கிவிட்டு, எச்சில் எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று எண்ணுங்கள். அதுதான் புளிப்பின் நேர்மையான அளவுகோல். துவர்ப்பு ஈறில் பிடிக்கிறதா, நாக்கின் நடுவிலா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தீக்குச்சி வாசம் பலமாக இருந்தால் ஒயினை வாய் அகன்ற குடுவைக்கு மாற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். மீதியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் மறுபடி முகருங்கள். புகை கலைந்து எலுமிச்சைத் தோல், மூலிகை, செம்பழ வாசம் மேலே வந்திருந்தால், முதல் நாள் முகர்ந்தது காற்றுப்படாமல் அடைபட்டிருந்த கந்தகம். மறுநாளும் முட்டை வாசமே நின்றால் அந்தப் பாட்டிலில் நொதித்தல் கெட்டிருக்கிறது.